கேஸில் ஓடும்போது சத்தம் கேட்காது

காரில் மாட்டி இழுக்கிற வீட்டுவண்டியான கேரவனைப் பின்னோக்கி எடுக்கும்போதுதான் பெரும்பாலான தம்பதிகள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கேரவன் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். புருஷன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள். நீ என்னைப் பார்க்கவே இல்லை என்று அவள் கத்துவாள், நீ காட்டியது எவனுக்குப் புரியும் என்று அவன் கத்துவான். சாயங்காலம் நாலு மணிக்கு கேரவன்கள் தங்குகிற எந்தப் பூங்காவில் போய் உட்கார்ந்தாலும் இந்த வேடிக்கையைப் பார்க்கலாம். நானும் நோரீனும் பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட அப்படிச் சண்டை போட்டதில்லை. இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும், சார்ஜன்ட். நாங்கள் சண்டை போடுகிற ஜோடி இல்லை.

என் பெயர் நெவில் ஆர்க்ரைட். வயது எழுபத்தொன்று. வாங்கரட்டாவில் தண்ணீர் பம்ப் நிலையத்தை முப்பத்தாறு வருடம் கவனித்துக்கொண்டேன். நோரீன் அதே ஊரில் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தாள். அவளுக்கு அறுபத்தேழு. முப்பது வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை, ஊசி போட்டே தீர வேண்டிய வகை. ஒரு நாளைக்கு நாலு தடவை. அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. பல் தேய்க்கிற மாதிரி போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். நாடு முழுக்க ஒரு சுற்று. எங்கள் வயதில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். முதல் சில மாதங்கள் நோரீனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என்னை "கேப்டன்" என்று கூப்பிடுவாள். வண்டி நின்று அரை மணி நேரத்துக்குள் பூங்காவில் உள்ள எல்லாருடைய பெயரும் அவளுக்குத் தெரிந்துவிடும். யாருக்கு முட்டி ஆபரேஷன், யாருடைய மருமகள் பேசுவதில்லை, எந்த நாய்க்கு இடி என்றால் பயம், எல்லாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு நாற்காலி போட்டால் ஆறு பேர் வந்து உட்கார்வார்கள்.

எனக்கு அது தேவைப்படவில்லை. கல்யாணமான நாற்பத்தொரு வருடமும் பம்ப் நிலையத்தோடும், பள்ளிக்கூடத்தோடும், மகள் லீயனோடும் அவளைப் பங்கு போட்டுக்கொண்டவன் நான். என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அதனால் மெல்ல மெல்லப் பூங்காக்களைத் தவிர்த்தேன். சாலையோரத்தில் மரம் இருந்தால் போதும், நிறுத்திவிடலாம். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சூரிய ஒளித் தகடு இருக்கிறது. நாலைந்து நாள் மனித முகம் பார்க்காமல் இருக்கலாம். அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி கடைசியில் ஸ்ட்ரீக்கி பே கடற்கரையில் இருந்தோம். நான் பிடித்து வந்த மீனுக்கு நோரீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். லீயனுக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை என்று ஒரு மாதமாகவே பேச்சு.

"நெவில், நான் செடூனாவுல இறங்கிக்கிறேன். அங்கேருந்து அடிலெய்டுக்கு பஸ் இருக்கு," என்றாள்.

"போயிட்டு எப்ப வருவே?"

அவள் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். "கோவப்படாதே. திரும்பி வர்றதா இல்ல. லீயன் வீட்டுல பின்னால ஒரு ரூம் இருக்கு. நீயும் வர்றதுன்னா வா. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள இனிமே என்னால முடியாது."

"என்ன குறைச்சல் உனக்கு?"

"ஒரு குறைச்சலும் இல்ல. பேச ஆளு வேணும், அவ்வளவுதான்."

"நான் இருக்கேனே."

"நீ இருக்கே," என்று சொல்லிச் சிரித்தாள். "அதான்பா விஷயமே."

நான் கோபப்படவில்லை. மீன் நன்றாக இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன். சரி, போ என்றேன். போவதற்கு முன்னால் நல்லார்பார் கடலோரச் செங்குத்துப் பாறைகளை மட்டும் பார்த்துவிடலாம், இத்தனை தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போனால் பிறகு வருத்தப்படுவாய் என்றேன். செடூனாவில் பஸ் அட்டவணையை நான்தான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தினமும் ஒரு பஸ் இருந்தது. வியாழக்கிழமைதான் என்று வந்து சொன்னேன். இடையில் நாலு நாள் இருந்தது. நோரீன் எப்போதும் நியாயமானவள். "சரி, கேப்டன். கடைசி உலா," என்றாள்.

இப்போது ஃபிரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

கேரவன் ஃபிரிட்ஜ், வண்டி நிற்கும்போது கேஸில் ஓடும், வண்டி ஓடும்போது அதன் பேட்டரியில் ஓடும். சாலையில் போகும்போது கேஸை மூடிவிட வேண்டும், அது பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரீக்கி பேயிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல மூடினேன். பேட்டரிக்கு மாற்ற மறந்துவிட்டேன். அது உண்மையான மறதி. சாயங்காலம் நிறுத்திய இடத்தில் கேஸைப் பற்றவைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். வெளியே நாற்பத்துநாலு டிகிரி. வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிட்டிருந்தது. அவளுடைய இன்சுலின் பெட்டி, குளிரில் வைக்காவிட்டால் கெட்டுப்போகிற மருந்து, அதன் பக்கத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், என் உள்ளங்கைச் சூடு இருந்தது.

பற்றவைக்காமல் கதவைச் சாத்தினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கத்தான் செய்வீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நோரீனுக்குக் கடும் காய்ச்சல் வந்து சர்க்கரை ஏறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் படுக்கையில் இருந்தாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். கோப்பையை நான் பிடித்தால்தான் தண்ணீர் குடிப்பாள். என் தோளில் சாய்ந்துதான் குளியலறைக்கு வருவாள். யாரும் பார்க்க வரவேண்டாம் என்று அவளே சொன்னாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் மிக நல்ல வாரம் என்பது என் அபிப்பிராயம். அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. அவள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. கொஞ்சம் தளர்ந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். தளர்ந்தவள் பஸ் ஏற மாட்டாள்.

கடைசி நாலு நாள், நீ எதையும் தொடாதே, சமையல் முழுக்க என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம். டப்பாப் பாலில் டீ போட்டேன். ஊசிப் பேனாவையும் நானே எடுத்து வந்து கொடுத்தேன். "என்னடா இது, ராஜ உபசாரமா இருக்கு," என்று கன்னத்தைத் தட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பாறைகளைப் பார்த்தோம். தரை சட்டென்று முடிந்து கீழே கடல். நோரீன் ரொம்ப நேரம் அங்கே நிற்கவில்லை. தாகமாக இருக்கிறது என்று வண்டிக்குத் திரும்பினாள். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள்.

"இருபத்தாறு காட்டுது. பத்துக்குள்ள இருக்கணும். நான் ஒண்ணும் தின்னலையே."

"வெயில்ல மெஷின் கோளாறு பண்ணும். நேத்து என் வாட்ச்கூட நின்னுபோச்சு," என்றேன்.

வாட்ச் நிற்கவில்லை. ஆனால் வீட்டில் எந்த இயந்திரம் கெட்டாலும் நாற்பத்தொரு வருடமாக நான்தான் சரிசெய்தவன். இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னால் நம்புவாள். மெஷினை வாங்கி வைத்துக்கொண்டேன், பார்த்துத் தருகிறேன் என்று. அவளுடைய போனும் என்னிடம்தான் இருந்தது, சார்ஜ் போட. எப்படியும் அங்கே சிக்னல் கிடையாது.

அங்கிருந்து கிழக்கே திரும்ப வேண்டும். நான் மேற்கே திருப்பினேன்.

"நெவில், செடூனா அந்தப் பக்கம்."

"எல்லையில டீசல் போட்டுட்டுத் திரும்பிடலாம்."

"டீசல் பாதிக்கு மேல இருக்கே."

"எதிர்க்காத்து அடிச்சா பத்தாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "வியாழக்கிழமை பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுடுவே இல்ல?" என்றாள். சத்தியமாக என்றேன். அதுவரை அவளிடம் நான் பொய்ச் சத்தியம் செய்ததில்லை.

மாநில எல்லையில் பழம், காய், தேன் எதையும் மேற்கே கொண்டுபோக விடமாட்டார்கள், பழ ஈக்கும் தேனீ நோய்க்கும் பயந்து. ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்ப்பார்கள். புதன்கிழமை காலை அங்கே நிறுத்தினேன். நோரீன் முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். செம்பட்டைத் தாடி வைத்த அதிகாரி ஒருவர் கேரவனுக்குள் ஏறி ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"அய்யோ, அணைஞ்சு கிடக்கே பெரியவரே. உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது."

"ஓட்டும்போது கேஸை மூடுறது வழக்கம்."

"பேட்டரியில போட்டிருக்கலாமே." அவர் மருந்துப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இன்சுலின் மாதிரி இருக்கு. இது கெட்டுப்போயிருக்குமே?"

"அது பழசு. தூக்கிப் போடணும்னு வச்சிருக்கேன். புதுசு முன்னால ஐஸ் பெட்டியில இருக்கு."

"அப்பாடா, பயமுறுத்திட்டீங்க," என்றார். இரண்டு தக்காளியையும் பாதித் தேன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். பழம் பார்க்க வந்தவர், பழத்தைத்தான் பார்த்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

திரும்பவில்லையா என்று நோரீன் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எல்லையைத் தாண்டும்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் சாலையோர நிறுத்தம் ஒன்றில் நிழலுக்காக ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு கேரவன் நின்றிருந்தது. கிழக்கே போகிறவர்கள். அந்த அம்மாள் பெயர் பெரில். ஆல்பனியில் நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவளாம், கேட்காமலே சொன்னாள். கேக் துண்டோடு வந்தாள். நோரீன் கதவைத் திறந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் வரும் சத்தம் கேட்டதும் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த நிலைமையிலும்.

பெரில் அவள் பக்கத்தில் குந்தினாள். கேக்கைக் கீழே வைத்துவிட்டு நாடியைப் பிடித்தாள்.

"என்னம்மா, எத்தனை நாளா இப்படி?"

"வெயிலு," என்றாள் நோரீன். "ஊசி போடுறேன், ஏறவே மாட்டேங்குது. தண்ணி மாதிரி இருக்கு."

பெரில் எழுந்து என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள். அவளுக்குக் குரல் தணிக்கத் தெரியாது. "மூச்சுல பழம் அழுகின வாசனை வருது. மூச்சு வாங்குறதைப் பாருங்க. இது வெயில் இல்ல. இன்னைக்கே டாக்டர் பாக்கணும், இல்லாட்டி அவங்க உங்களுக்கு இல்ல. அறுபது கிலோமீட்டர்ல ரோட்ஹவுஸ் இருக்கு, அங்க போன் இருக்கு. போன் பண்ணா விமான டாக்டர் ரோட்டுலயே வந்து இறங்குவாரு. நாங்க வேணா பின்னாலயே வர்றோமே?"

"வேணாம். நான் சீக்கிரம் போயிடுவேன். நீங்க திரும்பினா உங்களுக்கு அலைச்சல்."

"அலைச்சலா? மனுஷ உசுருங்க!"

"எனக்குத் தெரியும்மா. முப்பது வருஷமா நான்தான் பாத்துக்கிறேன்."

அவளுடைய புருஷன் வண்டிக்குள்ளிருந்து, "அவருக்குத் தெரியாதா பெரில், விடு," என்றான். பெரில் ஒரு துண்டுக் காகிதத்தில் தன் போன் நம்பரை எழுதி என் சட்டைப் பையில் திணித்தாள். ரோட்ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்கள் என்றாள். அந்தக் காகிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. மடித்துப் பர்ஸில் வைத்தேன், உங்கள் மேஜையில் இருப்பது அதுதான்.

நோரீனால் முன்சீட்டில் நேராக உட்கார முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய் கேரவன் படுக்கையில் படுக்கவைத்தேன். எடையே இல்லை. பெரில் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரத்தில் சாலை நடுவில் வெள்ளைக் கோடுகள் வரும். விமானம் இறங்குவதற்காகப் போட்டிருப்பது. அந்தக் கோடுகளின் மேல் தொண்ணூறில் போனேன், வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரோட்ஹவுஸும் வந்தது, பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடம். இரண்டு லாரிகள் நின்றன, ஒரு பெண் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். நிறுத்தினால் விமானத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கும். லீயன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். குணமானதும் பின் அறைக்குக் கூட்டிப் போய்விடுவாள். அதற்குப் பிறகு நோரீனை நான் பார்ப்பதென்றால் அடுத்தவர் வீட்டு வரவேற்பறையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் ரோட்ஹவுஸ் கண்ணாடியில் சின்னதாகிவிட்டது.

வண்டியிலிருந்த ரேடியோவில் பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "முன்னால போற கேரவன், கொஞ்சம் அலையுது. எல்லாம் சரிதானேப்பா?"

"சரிதான். நீங்க தாண்டிப் போங்க," என்றேன். அவர் தாண்டிப் போனார். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் நெடுஞ்சாலையை விட்டு ஒரு மண் தடத்தில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போய் நிறுத்தினேன். உப்புப் புதரும் சுண்ணாம்புப் பாறையும் தவிர ஒன்றுமில்லை. அங்கே ஒன்றரை நாள் இருந்தோம்.

நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்தேன். தொட்டியில் இருந்த தண்ணீரில் அவளுக்குத் தலை அலசிவிட்டேன், ரொம்ப நாளாக அலச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோப்பையை நான் பிடித்தேன், அவள் குடித்தாள். வெள்ளிக்கிழமை ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைத் தெளிவாகப் பார்த்தாள்.

"நெவில், ஃபிரிட்ஜ் ஓடுதா?"

"ஓடுது."

"சத்தமே கேக்கலையே."

"கேஸ்ல ஓடும்போது சத்தம் கேக்காது," என்றேன்.

அது உண்மை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஓடினாலும் சத்தம் இருக்காது.

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு, "லீயன்கிட்ட நான் வரப் பாத்தேன்னு சொல்லு," என்றாள். என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மூச்சு நின்றது. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசியை வலது தொடையில் போடுவதா இடதில் போடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆமாம், கடைசிவரை வேளை தவறாமல் ஊசி போட்டேன். அது வெறும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று போட்டேன்.

அதன் பிறகு எஸ்பரன்ஸ் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எங்கள் திட்டத்தில் அடுத்த ஊர் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பூங்காப் பதிவேட்டில் இரண்டு பேர் என்று எழுதினேன். கடல் தெரிகிற இடமாகக் கேட்டு வாங்கினேன். யாரும் பின்னால் நின்று கை காட்டாமல் ஒரே எடுப்பில் கேரவனை உள்ளே விட்டேன். நாற்காலி இரண்டு போட்டேன். பெரில் செடூனா போய்ச் சேர்ந்ததும் உங்கள் ஆட்களுக்குப் போன் செய்துவிட்டாள் என்று இப்போது தெரிகிறது. வெள்ளிக்கிழமையே செய்திருக்கிறாள். நீங்கள் சாலையோரமாகவே தேடியிருக்கிறீர்கள். மண் தடத்தில் தேடவில்லை. பரவாயில்லை, பெரிய பாலைவனம்.

ஃபிரிட்ஜை அணைத்து வைத்தது நான்தான். மருந்து கெட்டது தெரிந்தே கொடுத்தது நான்தான். மெஷினைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, டீசலைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய். ரோட்ஹவுஸில் நிறுத்தாதது என் முடிவு. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, மறைத்திருந்தால் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன். இதற்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை. நான் அவளைக் கவனித்துக்கொண்டேன். எல்லை தாண்டிய பிறகு அவள் ஒருமுறைகூட இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை. போக நினைக்கிறவர்கள் கேட்பார்கள்.

இந்தப் போட்டோவைக் காட்டுகிறீர்கள். கேரவன் கதவு, உள்பக்கம். ஆமாம், கைப்பிடி வளைந்திருக்கிறது. கதவுப் பலகையில் கீறல் இருக்கிறது. வெளியே பூட்டிவிட்டுத்தான் ஓட்டினேன், இல்லாவிட்டால் குலுக்கலில் கதவு திறந்துகொள்ளும். ரோட்ஹவுஸ் பக்கத்தில் போகும்போது பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. கேரவனுக்குள் நூறு சாமான் இருக்கிறது சார்ஜன்ட், மோசமான சாலையில் எல்லாமே தட்டும்.

ஆனால் ஓடுகிற கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். அது எனக்குத் தெரியும். அந்தக் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.